பொய் சொன்ன பரிசோதனைக்குள் இருந்த உண்மை

இன்று கொஞ்சம் மருத்துவ வரலாறு. பதிவு நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

கீரப்பாளையம், சிதம்பரம் பக்கத்துப் பெரியவர்களின் பெயர்களைக் கவனித்திருப்பீர்கள். குப்புசாமி, குப்பம்மாள், பிச்சை. இவற்றில் பலவற்றின் பின்னால் ஒரே கதைதான். முன்னால் உண்டான பிள்ளைகள் தங்கவில்லை. அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் கிடத்தி எடுத்தார்கள், தவிட்டுக்கு விற்று வாங்கினார்கள். வேண்டாத பிள்ளை என்று எமன் விட்டுவிடட்டும் என்பது எண்ணம். கரு தங்க வேண்டும் என்று திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகையிடம் வேண்டிக்கொள்வது இன்றும் உண்டு.

வேண்டுதலில் தவறில்லை. ஆனால் பழி முழுவதும் பெண் மேல் விழுந்தது. "கரு தங்காதவள்", "ராசியில்லாதவள்" என்றார்கள். மூன்று முறை கலைந்தால் மாப்பிள்ளைக்கு இரண்டாம் கல்யாணம் பேசினார்கள். அந்தப் பெண்களில் ஒரு பகுதியினருக்கு இரத்தத்தில் ஒரு கோளாறு இருந்திருக்கும். அதை உலகம் புரிந்துகொண்ட கதை வேடிக்கையானது.

1906இல் ஜெர்மனியில் வாசர்மன் என்ற விஞ்ஞானி, சிபிலிஸ் என்ற மேகநோயைக் கண்டுபிடிக்க ஓர் இரத்தப் பரிசோதனையை உருவாக்கினார். பின்னாளில் அதற்கு மாட்டு இதயத்திலிருந்து எடுத்த சாறு பயன்பட்டது. அந்தச் சாற்றில் வேலை செய்யும் கொழுப்புப் பொருளை 1941இல் மேரி பாங்போர்ன் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி பிரித்தெடுத்து, கார்டியோலிபின் என்று பெயரிட்டார். இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற விடிஆர்எல் பரிசோதனை இதன் வழியில் வந்ததுதான்.

இதில் ஒரு சிக்கல். சிபிலிஸ் இல்லாத சிலருக்கும் 'நோய் உண்டு' என்று முடிவு வந்தது. ஒரு குடும்பப் பெண்ணுக்கு அப்படி வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவர்கள் அதைப் 'பொய் முடிவு' என்றார்கள். 1950களில் இன்னொன்றும் தெரிந்தது. அந்தப் பொய் முடிவு வந்த சிலரின் இரத்தம் சோதனைக் குழாயில் உறையத் தாமதமானது. ஆனால் உடலுக்குள் நேர்மாறாக, வேண்டாத இடத்தில் உறைந்தது. சில பெண்களுக்குக் கரு திரும்பத் திரும்பக் கலைந்தது.

இந்த நூல்களையெல்லாம் சேர்த்து முடிச்சுப் போட்டவர் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் இருந்த கிரஹாம் ஹியூஸ். ஆண்டு 1983. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பொருள்களே தடம் மாறி, இரத்தத்தை உறைய வைக்கின்றன, நஞ்சுக்கொடியையும் பாதிக்கின்றன. சிசுவுக்குப் போக வேண்டிய போஷாக்கு தடைபடுகிறது. இதற்கு ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் என்று பெயர். ஹியூஸ் சிண்ட்ரோம் என்றும் சொல்வார்கள். ஆக, அந்தப் பொய் முடிவு ஓர் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் காது கொடுத்துக் கேட்க எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

மருந்து புதிதல்ல. ஒன்று ஆஸ்பிரின், குறைந்த அளவில். மற்றொன்று ஹெப்பாரின் ஊசி. 1916இல் அமெரிக்காவில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் செய்த ஆய்வில் தொடங்கியது அது. ஹெப்பாரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது. 1997இல் லண்டனில் இந்தக் கோளாறு உள்ள 90 பெண்களிடம் நடந்த ஆய்வில், ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதத்தினரும், இரண்டையும் எடுத்தவர்களில் 71 சதவீதத்தினரும் உயிருள்ள குழந்தையைப் பெற்றார்கள்.

நம் நாட்டில் மும்பையிலுள்ள தேசிய இம்யூனோஹீமட்டாலஜி நிறுவனம் கருச்சிதைவுக்கும் இரத்த உறைவுக்கும் உள்ள தொடர்பைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறது. மேலை நாட்டுக் கணக்கை அப்படியே இங்கே போட முடியாது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நெதர்லாந்தின் லைடன் நகரப் பெயரைத் தாங்கிய 'ஃபேக்டர் ஃபைவ் லைடன்' என்ற பரம்பரை மாற்றம் ஐரோப்பியர்களிடம் சாதாரணம், நம்மவர்களிடம் மிகக் குறைவு.

இன்னொரு எச்சரிக்கை. கரு கலைந்த எல்லோருக்கும் ஹெப்பாரின் ஊசி தேவையில்லை. பரம்பரை உறைவுக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்த ஊசியால் குழந்தை தங்கும் வாய்ப்பு கூடவில்லை என்று 2023இல் வந்த ஆய்வு காட்டியது. தொடர்ந்து கலைவோரில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணமே தெரிவதில்லை. அவர்களிலும் பலர் பிறகு நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள்.

ஆகவே, இரண்டு மூன்று முறை கலைந்திருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் இந்த எதிர்ப்பொருள் பரிசோதனையைக் கேளுங்கள். ஒரு முறை 'உண்டு' என்று வந்தால் போதாது. குறைந்தது 12 வாரம் கழித்து மீண்டும் எடுத்துத்தான் உறுதி செய்வார்கள். குரோமோசோம் பரிசோதனை தேவைப்பட்டால் கணவனும் போய் இரத்தம் கொடுக்க வேண்டும். கைவைத்தியமாக ஆஸ்பிரின் வாங்கிப் போட வேண்டாம்.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. கரு கலைந்து வந்து படுத்திருக்கும் மருமகளிடம் ராசி பேசாதீர்கள். அவள் பட்ட வேதனையே போதும்.