சாட்சி சொல்லும் பெட்டி

ஏர்சாஃப்ட் விளையாட்டில் குண்டு பட்டவரே பட்டதை ஒப்புக்கொள்ள வேண்டும். 6 மில்லிமீட்டர் விட்டமும் சுமார் 0.2 கிராம் எடையும் உள்ள ப்ளாஸ்டிக் குண்டு சட்டையில் பட்டுத் தெறித்துப் புல்லுக்குள் போய்விடும். கறையும் இருக்காது, வேறு அடையாளமும் இருக்காது. பட்டவர் கையைத் தூக்கி ‘ஹிட்’ என்று கத்தி வெளியேறினால்தான் ஆட்டம் நகரும். இந்த விளையாட்டு ஜப்பானில் பிறந்த விதத்திலேயே இதற்கான காரணம் இருக்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டம் உண்மைத் துப்பாக்கியைச் சாதாரண மக்களுக்கு எட்டாததாக்கியது. உலோகத்தில் வார்த்த மாதிரித் துப்பாக்கிகள் மீதும் 1971லும் 1977லும் பிடி இறுகியது. அதன் பிறகுதான், காற்றின் விசையால் சிறு குண்டைத் தள்ளும் ப்ளாஸ்டிக் துப்பாக்கிகள் பெருகின. 1991ல் டோக்கியோ மருய் நிறுவனம் பேட்டரியும் மோட்டாரும் வைத்த ஃபமாஸ் துப்பாக்கியின் மாதிரியை விற்பனைக்குக் கொண்டுவந்த பின், விசையைப் பிடித்தபடி தொடர்ந்து சுடுவது எல்லோருக்கும் கைவந்தது. 2006ல் குண்டின் ஆற்றலுக்கு ஒரு ஜூலுக்குச் சற்றுக் குறைவான வரம்பைச் சட்டம் விதித்தது. ஆளைக் காயப்படுத்தாதபடி வலுக் குறைக்கப்பட்ட குண்டு, தடித்த உடையில் பட்டால் பட்டதே தெரியாமலும் போகலாம்.

ஆட்டக்காரர்கள் வீட்டு மேசையில் குறைந்த செலவில் செய்துகொள்ளும் மின்னணுப் பெட்டிகளின் வரலாற்றை இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. எண்பலகையும் சிவப்பு எழுத்தில் ஓடும் நேரமும் கொண்ட அந்தப் பெட்டிகளைப் பலரும் சினிமா வெடிகுண்டின் நகலாகவே பார்க்கிறார்கள். அவற்றின் உண்மையான வேலை நடுவர் வேலை. பெயின்ட்பாலில் சாயக்கறை சாட்சி சொல்கிறது. 1984ல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஃபோட்டான் என்ற பெயரில் தொடங்கிய லேசர் விளையாட்டுக் கூடத்தில், ஆட்டக்காரர் அணிந்த கருவியே பட்ட அடியைக் கணக்கெடுத்தது. ஏர்சாஃப்டில் இரண்டுக்கும் வழியில்லை. யார் மீது பட்டது என்பதை அங்கே நேர்மையிடம்தான் விட வேண்டியிருக்கிறது. ஆனால் ஓர் இடம் யார் கையில் இருந்தது, எத்தனை நிமிடம் இருந்தது என்ற கேள்விகளை ஒரு கருவியிடம் விடலாம். மின்னணு நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான்.

இந்தப் பெட்டிகள் முழுக்க வீடியோ கேமிலிருந்து வந்த மோகம் என்று ஒரு வாதம் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஓரணி வெடிகுண்டு வைக்க, மற்றோரணி அதைச் செயலிழக்கச் செய்யும் ஆட்டத்தை உலகமெங்கும் பரப்பியது 1999ல் வெளிவந்த கவுன்டர்-ஸ்ட்ரைக். நேரம் குறையக் குறைய ‘பீப்’ ஒலி நெருங்கிவரும் வழக்கத்தை வீட்டுப் பெட்டிகள் அப்படியே எடுத்துக்கொண்டன. 2002ல் வந்த பேட்டில்ஃபீல்டு 1942, இடங்களைப் பிடித்து வைத்திருப்பதையே வெற்றிக் கணக்காக்கியது. இருந்தாலும் தேவை அதற்கு முந்தையது. 1981 ஜூனில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹெனிக்கர் அருகே உள்ள காட்டில் பன்னிரண்டு பேர் ஆடிய முதல் பெயின்ட்பால் ஆட்டமே கொடி சேகரிக்கும் ஆட்டம்தான். அதில் வென்ற காட்டுத் தொழிலாளர் ஒரு தடவைகூடச் சுடவில்லை. ஜப்பானியக் களங்களிலும் எதிரணியின் கொடியைத் தொட்டால் வெற்றி என்ற ஆட்டம் ஊறிப்போன ஒன்று. தொட்டதைக் களம் முழுக்க அறிவிக்கப் பல இடங்களில் கொடியோடு ஒரு ஹாரனோ பஸ்ஸரோ வைப்பார்கள். ஒரு பொத்தான், ஒரு பேட்டரி, ஒரு பஸ்ஸர்: மரத்தடியில் நடந்ததை முந்நூறு அடிக்கு அப்பால் இருப்பவரும் மறுக்க முடியாது. பின்னால் வந்த எல்லாப் பெட்டிகளின் கருவும் இதில் இருக்கிறது. வீடியோ கேம் கொடுத்தது உருவத்தை மட்டுமே.

பஸ்ஸர் ‘இப்போது’ என்று மட்டுமே சொல்லும். ‘எவ்வளவு நேரம்’ என்று சொல்ல ஒரு கடிகாரம் வேண்டும். ஹான்ஸ் காமன்சிண்ட் வடிவமைத்து 1972ல் சிக்னெடிக்ஸ் நிறுவனம் விற்கத் தொடங்கிய 555 சிப், எட்டே கால்களில் மலிவாக அந்த வேலையைச் செய்தது. ஒரு ரெசிஸ்டர் வழியாக ஒரு கெபாசிட்டர் மெல்ல நிரம்பும், குறித்த அளவைத் தொட்டதும் சிப் தன் நிலையை மாற்றும். பத்து லட்சம் ஓமும் 100 மைக்ரோஃபாரடும் சேர்த்தால் கணக்குப்படி 110 விநாடி. ஆனால் இந்த அளவிலான எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர், மேலே அச்சிட்ட மதிப்பிலிருந்து இருபது சதவீதம் வரை விலகியிருப்பது சாதாரணம். கசிவும் உண்டு. நேரம் நீளும்போது கசிவின் பிழையும் கூடும். வெயிலில் ஒரு கணக்கு, காலைக் குளிரில் ஒரு கணக்கு. பத்து நிமிட ஆட்டத்தில் ஒரு நிமிடம் முன்னே பின்னே போகும் கருவியை இரண்டு அணிகளும் எப்படி நம்பும்? மிச்ச நேரத்தையும் அது தானாகக் காட்டாது. மணி அடிக்க 555 போதும், தீர்ப்புச் சொல்ல அது போதவில்லை.

தீர்ப்புச் சொல்லும் கருவி இத்தாலியின் இவ்ரேயாவிலிருந்து வந்தது. தட்டச்சுப் பொறிக்குப் பேர்போன ஒலிவெட்டி நிறுவனத்தின் ஊர் அது. அங்கிருந்த வடிவமைப்புக் கல்வி நிறுவனத்தில் கொலம்பியரான எர்னாண்டோ பாரகான் தன் ஆய்வுக்காக 2003ல் உருவாக்கிய ‘வயரிங்’ என்ற தளத்தின் மேல்தான் 2005ல் ஆர்டுவினோ என்ற, நிரல் எழுதி இயக்கும் மின்னணுப் பலகை எழுந்தது. பாரகானுக்கு உரிய இடத்தைக் கொடுக்காமல் இந்தக் கதையைச் சொல்வது நியாயமல்ல. மின்னணு படிக்காத வடிவமைப்பு மாணவர்களுக்காகச் செய்யப்பட்ட பலகை அது. வரைபடம் திறந்து வைக்கப்பட்டதால் சீனப் பட்டறைகள் நகலெடுத்தன, சில டாலருக்கே நகல் கிடைத்தது. கூடச் சேரும் 16 எழுத்து, இரண்டு வரி எல்சிடி திரை, 1980களில் ஹிட்டாச்சி கொண்டுவந்த கட்டுப்பாட்டுச் சிப்பின் வழக்கத்தையே இன்றும் பின்பற்றுகிறது. அலுவலக இயந்திரங்களுக்காகப் பெருவாரியாகச் செய்யப்பட்டதால் அதன் விலை விழுந்தது. ஏர்சாஃப்ட் ஆட்டக்காரர்கள் இவற்றில் எதையும் கண்டுபிடிக்கவில்லை. வேறு வேலைக்குப் பிறந்த மலிவான பொருள்களில் தங்களுக்கு வேண்டிய நடுவரைக் கண்டுகொண்டதுதான் அவர்களுடைய திறமை.

இடம் பிடிக்கும் ஆட்டத்துக்கான பெட்டி ஒன்றைத் திறந்து பார்த்தால் இது விளங்கும். மூடியில் சிவப்பு, நீலம் என இரண்டு பெரிய பொத்தான்கள். உள்ளே பலகை, பேட்டரி, பஸ்ஸர். பொத்தானை ஒரு முறை தட்டினால் போதாது, சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். இந்த விதிக்கு நிரலில் சில வரிகளே ஆகும், ஆனால் ஆட்டத்தையே மாற்றிவிடும். அழுத்திக்கொண்டிருப்பவர் சுட முடியாது. அவரைக் காக்கக் கூட்டாளிகள் வேண்டும். அவர் கை விலகினால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பும். பிடித்துவிட்டால் அந்த அணியின் நேரம் ஓடத் தொடங்கும், மற்ற அணியின் நேரம் நிற்கும். ஆட்டம் முடிந்ததும் திரையில் இரண்டு எண்கள். பலகையின் கடிகாரப் பிழை அரை சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் பத்து நிமிடத்துக்கு மூன்று விநாடிதான். அந்தப் பிழையும் இரண்டு அணிகளுக்கும் பொது.

கருவியை நடுவராக வைத்தால் நேர்மை மழுங்காதா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு மறுபக்கம்தான் தெரிகிறது. எதிரியை வீழ்த்திய எண்ணிக்கையே வெற்றி என்றால், பட்டதை மறைக்கும் ஆசை கூடும். பெட்டியின் நேரமே வெற்றி என்றால் ‘ஹிட்’ என்று ஒப்புக்கொள்வதில் இழப்பு குறைவு. முகாமுக்குப் போய்த் திரும்பி வந்துவிடலாம். இன்னொரு ஆட்சேபம் கனமானது: வெடிகுண்டு போலத் தெரியும் பொருளைச் செய்யலாமா? 2007 ஜனவரி 31 அன்று பாஸ்டனில், ஒரு கார்ட்டூன் தொடரின் விளம்பரத்துக்காக வைத்த மின்விளக்குப் பலகைகளை வெடிகுண்டு என்று சந்தேகித்துச் சாலைகளையும் பாலங்களையும் மூடினார்கள். விளக்கும் பேட்டரியும் ஒயரும் மட்டுமே அவ்வளவு பதற்றத்துக்குப் போதுமானதாக இருந்தன. ஆகவே சிவப்புக் குழாய்களைக் கட்டி ஒயர் தொங்கவிடும் பாணியை நான் ஏற்கவில்லை. அந்தத் தோற்றம் ஆட்டத்துக்கு எதையும் சேர்ப்பதில்லை. பளிச்சென்ற மஞ்சள் பெட்டி, ‘விளையாட்டுப் பொருள்’ என்ற பெரிய எழுத்து, கண்ணாடி மூடி ஆகியவற்றோடும் இதே இரண்டு எண்களைக் காட்டலாம்.

தொழிற்சாலையில் செய்த பெட்டிகள் இப்போது கடையில் கிடைக்கின்றன. வீட்டுப் பெட்டி ஓர் இடைக்காலம்தானே என்றும் கேட்கலாம். ஆனால் களத்துக்குக் களம் ஆட்டம் வேறு. ஒன்று அடர்ந்த காடு, ஒன்று கைவிடப்பட்ட கட்டடம். அழுத்திப் பிடிக்க வேண்டியது ஐந்து விநாடியா இருபதா, எண்பலகையில் தவறான எண்ணை அழுத்தினால் எவ்வளவு நேரம் வெட்டுவது என்பதையெல்லாம் ஆடுபவர்களே பேசி முடிவெடுக்கிறார்கள். கடைப் பெட்டியில் அதைச் செய்தவர் விட்டுவைத்த தேர்வுகள் மட்டுமே இருக்கும். வீட்டுப் பெட்டியில் சனிக்கிழமை இரவு நிரலில் ஓர் எண்ணைத் திருத்தினால், ஞாயிற்றுக்கிழமைக் காலை ஆட்டத்துக்குப் புது விதி தயார்.