ஆத்திர அவசரத்துக்கு ஆகுமா வெள்ளி?

திருவிதாங்கூர் சமஸ்தானமும் ஆங்கிலேய அரசும் 1886 அக்டோபர் 29 அன்று பெரியாற்றுக் குத்தகை ஒப்பந்தம் போட்டன. ஏக்கருக்கு 5 ரூபாய், 8,000 ஏக்கருக்கு ஆண்டுக்கு 40,000 ரூபாய், 999 ஆண்டுகள். நான் ஜெயமங்கலத்துக்காரன். எங்களுடையது வராக நதிப் பாசனம்தான் என்றாலும், இந்தப் பக்கம் பிறந்த யாரும் பெரியாற்றுக் கதை கேட்காமல் வளர முடியாது. அணையைப் பற்றிப் பேசுவார்கள், பென்னிகுவிக் பற்றிப் பேசுவார்கள். அந்த ரூபாயைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அன்றைக்கு ரூபாய் என்பது ஓர் எடை. 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. தோலா என்பதே ஒரு ரூபாயின் எடைதான். மூன்று தோலா ஒரு பலம், நாற்பது பலம் ஒரு வீசை என்று சந்தையில் காய்கறி நிறுத்தது வரை எல்லாம் அந்த நாணயத்திலிருந்தே கிளம்பியது. அப்படிப் பார்த்தால் 40,000 ரூபாய் என்பது சுமார் 428 கிலோ சுத்த வெள்ளி. கிலோ ஒரு லட்சம் என்று குறைத்தே போட்டாலும் நாலேகால் கோடி ரூபாய் ஆகிறது. 1970-ல் ஏக்கருக்கு 30 ரூபாய் என்று திருத்திய பிறகும் நிலவாடகை ஆண்டுக்கு இரண்டரை லட்சம் சொச்சம்தான். மின்சாரத்துக்கு மட்டும் தனிக்கணக்கு. ஒப்பந்தத்தில் ‘ரூபாய்’ என்ற இடத்தில் ‘தோலா வெள்ளி’ என்று எழுதியிருந்தால் கதையே வேறு. பணவீக்கம் ஒருவர் மடியிலிருந்து எடுத்து இன்னொருவர் மடியில் போடும். இந்த ஒரு கணக்கில் அது எங்கள் பள்ளத்தாக்கின் மடியில் போட்டது.

இதைச் சொன்னதும் ஊரில் சித்தப்பா கேட்டார்: “அப்பப் பத்துப் பத்துக் காசா வாங்கிப் போட்ருவமாப்பா? வெள்ளி எங்க போயிரப் போகுது? ஒரு ஆத்திர அவசரத்துக்கு ஆகும்ல?”

அவர் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வெள்ளி நெடுங்காலத்துக்கு மதிப்பைக் காக்குமா என்பது ஒன்று. அவசரத்துக்கு உதவுமா என்பது இன்னொன்று. ரூபாயின் வரலாறு இந்த இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொல்லவில்லை.

தாது வருஷப் பஞ்சத்திலிருந்து தொடங்கலாம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய பஞ்சம். குடியானவர் வீட்டுக் கொலுசும் தண்டையும் காப்பும் தானியத்துக்காகக் கைமாறி, உருகி, பம்பாய் நாணயச்சாலை வரை போய்ச் சேர்ந்தன. அன்றைய சட்டப்படி யார் வேண்டுமானாலும் வெள்ளியை நாணயச்சாலையில் கொடுத்து, சிறு கட்டணம் போக, ரூபாயாக அடித்து வாங்கிக்கொள்ளலாம். அதனால் கொலுசும் ஏறக்குறைய பணம்தான். ஆனால் தானியத்தின் விலை பல மடங்கு ஏறியிருந்த நேரம் அது. பத்து வருஷம் சேர்த்த வெள்ளி சில வாரச் சோற்றுக்குத்தான் காணும்.

அதே காலத்தில் உலகம் வெள்ளியைக் கைவிட்டுக்கொண்டிருந்தது. 1871-க்குப் பிறகு ஜெர்மனி தங்கத்துக்கு மாறியது. 1873-ல் அமெரிக்காவும் அந்தப் பக்கம் சாய்ந்தது. வேண்டாத வெள்ளியெல்லாம் சந்தைக்கு வர, விலை சரிந்தது. 1870 வாக்கில் சுமார் பத்து ரூபாய்க்குக் கிடைத்த ஆங்கிலேயப் பொன் நாணயத்துக்கு இருபது ஆண்டுகளில் பதினைந்து ரூபாய் வரை வேண்டியிருந்தது. (நாம் இன்றும் எட்டு கிராமை ‘பவுன்’ என்பது அந்த நாணயத்தின் நினைவில்தான்.) லண்டனுக்குப் பொன் கணக்கில் பணம் அனுப்ப வேண்டிய இந்திய அரசு திணறியது. 1893 ஜூன் 26 அன்று, பொதுமக்களின் வெள்ளியை நாணயமாக்கும் வழியை அடைத்தது.

என் கண்ணில் நம் வெள்ளி வரலாற்றின் மிகப் பெரிய நாள் அது. நாணயத்தின் எடை மாறவில்லை, தலை மாறவில்லை. ஆனால் ரூபாய்க்கு அரசு ஒரு விலையைப் பிடித்து வைத்தது, வெள்ளிக்கு வைக்கவில்லை. 1899-ல் பதினைந்து ரூபாய்க்கு ஒரு பொன் நாணயம் என்று நிலைநிறுத்தியபோது, ஒரு ரூபாய்க்குள் இருந்த வெள்ளி ஏறத்தாழ பத்தணாதான் பெறும். ரூபாயாக வைத்திருந்தவருக்குப் பதினாறணா. அதே எடையைக் கொலுசாகக் காலில் போட்டிருந்தவருக்குப் பத்தணா. பாதிக்கப்பட்டவர்கள் கடைசிக் கையிருப்பாக நகையை வைத்திருந்த ஏழைகள்.

முதல் உலகப்போரில் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றியது. வெள்ளி விலை ஏறி, ரூபாயை உருக்கினால் லாபம் என்ற நிலை வந்தது. அரசு 1917-ல் உருக்குவதைத் தடைசெய்து, அதே ஆண்டு நவம்பரில் ஒரு ரூபாய்த் தாளை இறக்கியது. நாணயத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1918-ல் அமெரிக்கா 20 கோடி அவுன்ஸ் வெள்ளியை விற்றது. இரண்டாம் உலகப்போரில் 1940 முதல் ரூபாயில் பாதிதான் வெள்ளி. விக்டோரியா ரூபாயும், எட்வர்டு ரூபாயும், ஜார்ஜ் மன்னர்களின் பழைய ரூபாயும் 1941-க்கும் 1943-க்கும் இடையில் ஒவ்வொன்றாகச் செல்லாக்காசாயின. 1947-ல் வந்தது நிக்கல் ரூபாய். எடையாக இருந்த ரூபாய் வெறும் எண்ணாக மாறி முடிந்தது.

இதில் ஜெயித்தவர் யார்? செல்லாது என்று சொன்ன பிறகும் அந்தக் காசைப் பானையில் போட்டு மறந்தவர். அதில் 10.69 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. கிலோ லட்சம் என்றே வைத்தால் 1,069 ரூபாய். ஒரு ரூபாய் எண்பது ஆண்டுகளில் இப்படி ஆக, ஆண்டுக்கு ஒன்பது சதவீதக் கூட்டுவட்டி வேண்டும். அன்றைய ரூபாய்த் தாளை வைத்திருந்தவருக்கு இன்றும் ஒரு ரூபாய். ஆக, சித்தப்பாவின் முதல் கேள்விக்குப் பதில் ஆமாம்தான். ஆனால் 1870-ல் பத்து வெள்ளி ரூபாயும் ஒரு பொன் நாணயமும் ஏறக்குறைய சமம் என்பதையும் மறக்கக்கூடாது. இன்று அதே அளவு தங்கத்துக்கு நாற்பதிலிருந்து அறுபது வெள்ளி ரூபாய் கேட்கும்.

இரண்டாவது கேள்விக்கு அவ்வளவு பின்னால் போக வேண்டாம். 2020 மார்ச்சில் கொரோனா அச்சத்தில் உலகச் சந்தையில் வெள்ளி சில வாரங்களில் 17, 18 டாலரிலிருந்து 12 டாலருக்கு விழுந்தது. ஊரடங்கில் கடைகளும் மூடிக் கிடந்தன. ஆகஸ்டில் அதே வெள்ளி 28 டாலரைத் தாண்டியது. ஐந்து மாதம் பொறுக்க முடிந்தவருக்கு இரண்டு மடங்குக்கு மேல். மார்ச்சில் வேலை போய், வாடகைக்கு விற்க நினைத்தவருக்கு அடிமாட்டு விலை. பஞ்சத்தில் கொலுசு விற்றவரின் நிலையும் இதுதான். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வரும்போது வாங்குகிறவன் வைத்ததுதான் விலை. போதாததற்கு, காசு வாங்கும்போதே மூன்று சதவீத ஜிஎஸ்டியும் செய்கூலியும் போய்விடுகின்றன. விற்கும்போது அவை திரும்பி வராது; மேற்கொண்டு கழிவும் பிடிப்பார்கள்.

சித்தப்பாவிடம் சொன்னேன்: “வாங்குங்க. ஆனா அவசரத்துக்குன்னு ஆறு மாசச் செலவப் பேங்க்ல தனியா போட்டு வச்சுட்டு, அதுக்கு மேல இருக்கறதுல வாங்குங்க. பேரன் கல்யாணத்துக்குன்னு நெனச்சு வாங்குங்க.” அவருக்கு இது பிடிக்கவில்லை. பேங்கில் கிடக்கும் பணம் தேயும் என்கிறார். தேயும்தான். ஆனால் அந்தத் தேய்மானம்தான், கெட்ட வருஷத்தில் வெள்ளியைத் தொடாமல் இருப்பதற்கு நாம் கொடுக்கும் கூலி. பானையில் போட்டவர்கள் ஜெயித்ததற்கு அவர்களின் சாமர்த்தியம் காரணமில்லை. அந்தப் பானையை எடுக்கத் தேவையில்லாதபடி வீட்டில் வேறு நெல் இருந்தது.