வெயில் காலத்து மோட்டார்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் வந்தது. அதற்கு முன்பே கிண்டி வந்துவிட்டது. ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராக இருந்த காலம். பேட்டை வரலாறு எழுதுகிறவர்கள் அவர் பெயரைச் சொல்லி, கூடவே டி.ஐ. சைக்கிள், டன்லப், பாடி லூகாஸ் டிவிஎஸ் என்று பெரிய கேட்டுகளை எண்ணிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். சந்துக்குள் ஷட்டர் போட்டு காயில் கட்டிப் பிழைத்தவர்களை யாரும் எழுதவில்லை. நான் அந்த வேலையில் தலை நரைத்தவன். எழுதிப் பார்க்கிறேன்.

சின்ன ஷெட்டுகளில் லேத், பவர் பிரஸ், டிரில்லிங் மெஷின் என்று ஓடும். 3 எச்.பி., 5 எச்.பி., 7.5 எச்.பி. மோட்டார்கள். அவை எரிந்தால்தான் எங்கள் அடுப்பு எரியும். சித்திரை பிறந்ததும் ஃபேன் எல்லாம் சுழல ஆரம்பிக்கும், மாலையில் வோல்ட்டேஜ் இறங்கும். மறுநாள் காலையில் தள்ளுவண்டியில் மோட்டார் வந்து நிற்கும். எங்கள் வாத்தியார் புதுப் பையன் யார் வந்தாலும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்:

“டேய் தம்பி, வோல்ட்டேஜ் குறைஞ்சா கரண்ட் என்னாகும்?”

“குறையும்ணே.”

“அப்போ மோட்டார் ஏன்டா எரியுது?”

ஐ.டி.ஐ. படித்துவிட்டு வந்தவன்தான் முதலில் முழிப்பான். ஜார்ஜ் ஓம் 1827-இல் எழுதிய கணக்கு அவனுக்கு மனப்பாடம். அயர்ன் பாக்ஸுக்கு அது பொருந்தும்: 230 வோல்ட்டில் 1000 வாட் பெட்டி சுமார் 4.35 ஆம்பியர் இழுக்கிறது, வகுத்தால் மின்தடை 53 ஓம். வோல்ட்டேஜ் 200-க்கு இறங்கினால் 3.8 ஆம்பியர், 756 வாட். துணி மெதுவாகத் தேயும், அவ்வளவுதான். மோட்டாருக்கு இந்த நியாயம் கிடையாது. லேத்தில் கட்டர் இரும்பைக் கடித்துக்கொண்டிருக்கிறது, அந்த வேலை குறையவில்லை. வோல்ட் குறைந்ததை ஆம்பியரில் ஈடு செய்தே தீரும். 5 எச்.பி. மோட்டார் 415 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் எடுக்கும் (எச்.பி.க்கு ஒன்றரை என்பது பேட்டை முழுக்கச் செல்லும் கணக்கு). 350 வோல்ட்டில் அதுவே 9-ஐ நெருங்கும். கம்பியில் பிறக்கும் சூடு கரண்டின் வர்க்கத்தோடு ஏறும் என்று ஜூல் 1840-களிலேயே காட்டிவிட்டார். ஆகவே கரண்ட் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் சூடு 44 சதவீதம் கூடுகிறது. எனாமல் எத்தனை நாள் தாங்கும்?

முதலாளிகள் அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று ஓவர்லோட் ரிலேயைக் குறை சொல்லி, அதன் திருகைக் கூட்டி வைத்துவிடுவார்கள். எரிந்த பிறகு பழி எங்கள் வைண்டிங் மேல். அதனால் எரிந்த ஸ்டேட்டரை வாசலிலேயே திறந்து காட்டுவது எங்கள் வழக்கமாயிற்று. எல்லாக் காயிலும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் ஓவர்லோடு அல்லது லோ வோல்ட்டேஜ். ஃபியூஸ் ஒன்று போய் இரண்டு ஃபேஸில் ஓடியிருந்தால் முத்திரை வேறு: ஸ்டார் கனெக்‌ஷனில் இரண்டு ஃபேஸ் கருகி ஒன்று தாமிர நிறம் மாறாமல் இருக்கும், டெல்டாவில் ஒன்று மட்டும் கருகியிருக்கும். வட்டத்தில் கறுப்பும் சிவப்பும் மாறி மாறி வரும். அதைப் பார்த்த பிறகு எந்த முதலாளியும் வாதாடியதில்லை. ரேட்டில்தான் பேரம் பேசுவார்.

கட்டி முடித்ததும் மூன்று ஃபேஸும் சமமா என்று பார்க்க வேண்டும். 20 எச்.பி. மோட்டாரில் ஒரு ஃபேஸின் மின்தடை ஓர் ஓம் அளவில்தான். சாதாரண மல்டிமீட்டரை நம்ப முடியாது, அதன் ஒயரே கால் ஓம் காட்டும். லாரியிலிருந்து கழற்றிய 12 வோல்ட் பேட்டரி, கரண்டைக் கட்டுப்படுத்த சீரிஸில் ஒரு ஹெட்லைட் பல்பு, ஓர் அம்மீட்டர், காயிலின் இரு முனையிலும் வோல்ட்மீட்டர். இதுதான் எங்கள் லேப். 3.5 ஆம்பியர் ஓடும்போது 2.8 வோல்ட் காட்டினால் 0.8 ஓம். மூன்றில் ஒன்று 2.5 காட்டினால் டர்ன்ஸ் எண்ணிக்கை தவறியிருக்கிறது, இல்லையென்றால் உள்ளே ஷார்ட். வார்னிஷ் ஊற்றுவதற்கு முன் தெரிந்தால் பிழைத்தோம்.

அதே அளவை மோட்டாரை லோடில் ஓடவிட்டு நிறுத்தியவுடன் மறுபடி எடுப்போம். தாமிரம் 10 டிகிரி சூடேறினால் மின்தடை சுமார் 4 சதவீதம் கூடும். 0.8 ஓம் 1 ஓமாகியிருந்தால் உள்ளே கிட்டத்தட்ட 65 டிகிரி ஏறியிருக்கிறது. தெர்மாமீட்டர் நுழையாத இடத்தின் சூட்டை ஒரு வகுத்தல் கணக்கு சொல்லிவிடும். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒன்றை இந்தத் தொழிலில் நான் பார்த்ததில்லை.

அவசரத்துக்கு சீரிஸ் லேம்ப். மரப்பலகையில் 100 வாட் குண்டு பல்பு, இரண்டு குச்சி. பல்பு எரியவே இல்லையென்றால் காயில் கட், முழுப் பிரகாசம் என்றால் ஷார்ட்டாக இருக்கலாம், ஒரு முனையை பாடியில் வைத்து எரிந்தால் எர்த். இப்போது எங்கும் எல்.இ.டி. அது துளி லீக்கேஜுக்கே மினுக்கிப் பொய் சொல்லும், இந்த வேலைக்கு ஆகாது. பழைய ஆட்கள் குண்டு பல்பைத் தேடி வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

பேட்டையில் இன்று சி.என்.சி. மெஷின்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் வைத்த மோட்டாரில் ஒரு ஃபேஸ் போனாலோ வோல்ட்டேஜ் இறங்கினாலோ டிரைவே நிறுத்திவிடுகிறது, சித்திரை வருமானம் போயிற்று. ஆனால் அதே டிரைவ் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வோல்ட்டேஜை வெட்டி வெட்டி அனுப்புவதால், காயிலின் முதல் சில சுற்றுகளில் எனாமல் ஓட்டை விழுகிறது. திறந்தால் மற்றதெல்லாம் புத்தம் புதிதாக இருக்கும், லீட் ஒயர் பக்கத்தில் மட்டும் குண்டூசி முனை அளவு கருகல். அதற்கென்று தனி எனாமல் ஒயர் வந்திருக்கிறது, விலை கூடுதல். என்னிடம் தொழில் கற்றவர்கள் அதைத்தான் இப்போது கட்டுகிறார்கள்.