சமூகப் பணியாளரும் ஊரமைப்புகளும்: மதுரை வட்டாரத்தில் இணைப்பு உருவான வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

சமூகப் பணியாளர்க்கும் உள்ளூர் ஆதரவு அமைப்புகளுக்கும் இடையிலான உறவு மதுரை வட்டாரத்தில் உருப்பெற்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. காந்திகிராமம், களஞ்சியம் ஆகிய இரு முயற்சிகளையும் ஒப்பிட்டு, பணியாளரைச் சார்ந்திருந்த இணைப்பு மக்களமைப்பின் உடைமையாக மாறியதை எடுத்துக்காட்டுகிறது. வங்கியோடு நிலைபெற்ற அவ்விணைப்பு அரசு நலத்திட்டங்களைப் பெறுவதில் அதே உறுதியை எட்டவில்லை என்பதும் சுட்டப்பெறுகிறது.

திறவுச்சொற்கள்: சமூகப் பணி, காந்திகிராமம், களஞ்சியம், சுய உதவிக் குழு, மதுரை.

முன்னுரை

‘காளவாசல்’ என்னும் சொல் செங்கல், சுண்ணாம்புச் சூளையைக் குறிப்பது. அப்பெயர் தாங்கிய மதுரையின் மேற்குப் பகுதி இன்று புறவழிச்சாலையும் தேனிச் சாலையும் சந்திக்கும் இடமாகும். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனிப் பக்கத்துச் சிற்றூர்களுக்கும் நகருக்கும் இடைப்பட்ட வாயில் அது. அதனை அடுத்துள்ள எஸ்.எஸ். காலனியைத் தொடக்க ஆண்டுகளில் முகவரியாகக் கொண்டு இயங்கிய தானம் அறக்கட்டளையின் களஞ்சியப் பணி, சமூகப் பணியாளரின் இடம் யாது என்னும் வினாவிற்கு மதுரை அளித்த முதன்மையான விடைகளுள் ஒன்று.

ஊரில் முன்பே இருந்தவை

சமூகப் பணி வருமுன் ஊரில் ஆதரவு அமைப்புகளே இல்லை என்று கொள்வது பிழை. மதுரை, தேனி வட்டாரங்களில் மொய் என்பது வெறும் அன்பளிப்பன்று. நோட்டில் எழுதிவைக்கப்பெற்று, எதிர்வரும் விழாவில் திருப்பிச் செலுத்தப்பட வேண்டிய கடன் அது. சீட்டு, பிடியரிசிச் சேமிப்பு ஆகியனவும் இவ்வகையினவே. நடவு, அறுவடைக் காலங்களில் பெண்கள் கொத்தாகச் சேர்ந்து, தலைவி ஒருத்தியின் வழியாகக் கூலி பேசினர். எனினும் இவ்வமைப்புகளுக்கு எல்லை உண்டு. நோயோ வறட்சியோ ஊர் முழுவதையும் ஒருங்கே தாக்கும்போது உள்ளூர்ப் பணம் போதாது. அவ்வேளையில் வட்டிக்கடனே வழியாயிற்று. கந்துவட்டியைத் தடுக்க 2003இல் தமிழக அரசு தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தமை இதன் கொடுமையை உணர்த்தும்.

பணியாளரே இணைப்பாக: காந்திகிராமம்

மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே, சின்னாளபட்டிக்கு அருகில் 1947இல் மருத்துவர் டி.எஸ். சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவினர். சௌந்தரம் மதுரை டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். கஸ்தூரிபா நினைவு அறக்கட்டளையின் தமிழகப் பணியை ஏற்றிருந்த அவர், பெண்களைக் கிராம சேவிகைகளாகப் பயிற்றுவித்தார். மகப்பேறு, குழந்தை நலம், கல்வி, கைத்தொழில் ஆகியவை ஒரே வளாகத்திலிருந்து ஊர்களுக்குச் சென்றன. 1956இல் அங்குக் கிராமியக் கல்வி நிறுவனம் தோன்றி, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று.

இங்குச் சேவையும் சேவையை நாடுவோரும் பணியாளர் வழியாகவே சந்தித்தனர். அதுவே இம்முறையின் வலிமை. அதுவே அதன் எல்லையும் ஆகும். பணியாளர் ஊர் மாறினால் தொடர்பும் அவரோடு போய்விடக்கூடும். 1952 அக்டோபர் 2இல் நாடெங்கும் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்திலும் இவ்வெல்லை நீங்கவில்லை. சேவிகையின் இடத்தில் அரசு அலுவலர் அமர்ந்தார் என்பதே வேறுபாடு.

அமைப்பே இணைப்பாக: களஞ்சியம்

1990இல் ‘பிரதான்’ நிறுவனத்தின் சார்பில் எம்.பி. வாசிமலையும் அவர்தம் குழுவினரும் மதுரைப் பக்கத்து ஊர்களில் பெண்களின் சேமிப்புக் குழுக்களைத் தொடங்கினர். தானியக் குதிரைக் குறிக்கும் ‘களஞ்சியம்’ என்னும் சொல்லே பெயராயிற்று. நபார்டு வங்கி 1992இல் 500 சுய உதவிக் குழுக்களை வங்கியோடு இணைக்கும் முன்னோட்டத்தைத் தொடங்க, 1996இல் ரிசர்வ் வங்கி இத்தகைய கடனை முன்னுரிமைத் துறைக் கடனில் சேர்த்தது. 1997 அக்டோபர் 2இல் தானம் அறக்கட்டளை தனி நிறுவனமாயிற்று.

குழு, தொகுப்பு, வட்டாரக் களஞ்சியம் என மூன்று அடுக்குகளாக இவ்வமைப்பு எழுந்தது. வங்கி மேலாளரின் எதிரே அமர்ந்தவர் பணியாளர் அல்லர். கணக்கும் தீர்மானப் புத்தகமும் கையிலேந்திய குழுத் தலைவியே. பணியாளரின் வேலை அந்தச் சந்திப்பை இயலச்செய்து, பின் விலகுவது. தேனி மாவட்டத்துக் கடமலைக்குண்டுப் பகுதியில் வட்டாரக் களஞ்சியம் உறுப்பினர்க்கென மருத்துவக் காப்பீட்டை நடத்தியதும் இதே வழியில்தான். தனித்தனியே மருத்துவமனை வாயிலில் நின்றவர்கள், அங்கு ஓர் அமைப்பின் உறுப்பினராகச் சென்றனர்.

புள்ளிச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை இம்மாற்றத்தின் சான்று. கொத்துத் தலைவியாக நிலவுடைமையாளரிடம் கூலி பேசிய அவர், களஞ்சியத் தலைவியாக வங்கியிடம் பேசினார். தலைமையைப் பணியாளர் உருவாக்கவில்லை. ஊரில் இருந்த தலைமையை இனங்கண்டு, அதற்குப் புதிய எதிர்த்தரப்பைக் காட்டினர். 2001 சனவரியில் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது வழங்கியபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ விருதும் அவரை அடைந்தது.

இணைப்பு எட்டாத இடம்

ஆயினும் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் தமக்கு வீடு கிடைக்கவில்லை என்று சின்னப்பிள்ளை ஊடகங்களில் கூறியதை அடுத்து, 2024 மார்ச்சில் மாநில அரசு ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தின்கீழ் அவருக்கு வீடு வழங்க முன்வந்தது. பல பெண்களை வங்கியோடு இணைத்த இயக்கத்தின் அடையாளமாக விளங்கியவர்க்கே வீடு ஊடகச் செய்தியின் பின்னரே வந்தது என்பது ஆய்வாளர் கருதத்தக்கது. வங்கி குழுவைக் கடனாளியாக ஏற்கிறது. நலத்திட்டமோ தனி நபரைப் பயனாளியாக எண்ணுகிறது. முன்னதில் அமைப்பு பேசுகிறது. பின்னதில் மனு மட்டுமே பேசுகிறது.

முடிவுரை

காந்திகிராமம் சேவையை ஊருக்குக் கொண்டுவந்தது. களஞ்சியம் ஊரை நிறுவனத்தின் வாயிலுக்குக் கொண்டுசென்றது. இணைப்பின் ஆயுளை முடிவுசெய்வது பணியாளரின் ஈடுபாடு மட்டுமன்று, அவர் விலகியபின் தொடர்பை யார் கையில் விட்டுச்செல்கிறார் என்பதுமாகும் என இவ்விரண்டின் ஒப்பீடு காட்டுகிறது. மருத்துவமனை, வீட்டுவசதி, ஓய்வூதியம் ஆகியவற்றின் அலுவலகங்களிலும் மக்களமைப்பை ஒரு தரப்பாக ஏற்கச்செய்வதே மதுரைப் பட்டறிவு சமூகப் பணிக் கல்விக்கு விட்டுவைத்துள்ள எஞ்சிய பணி எனலாம்.