உடல்வழி உளச்சிகிச்சை

உடல்வழி உளச்சிகிச்சை என்பது மனத்துயரைப் பேச்சால் மட்டும் அணுகாமல், மூச்சு, தசையிறுக்கம், நெஞ்சுத்துடிப்பு, நடுக்கம், உட்காரும் நிற்கும் விதம் ஆகிய உடற்குறிகளையும் சேர்த்துக் கவனித்துக் குணப்படுத்தும் முறைகளின் பொதுப்பெயர். இந்த நொடியில் உள்ளே நடப்பதை நல்லது கெட்டது என்று பிரிக்காமல் கவனிக்கும் பயிற்சியும் இதனுடன் சேர்ந்தே வருகிறது. பௌத்தத்தின் எண்வகை வழியில் நற்கடைப்பிடி என்று தமிழில் வழங்கும் உறுப்பு அப்பயிற்சியின் வேர். பல மரபுகளிலிருந்தும் வேண்டியதை எடுத்து ஆளுக்கேற்பப் பொருத்துவோர் இதை ஒருங்கிணைந்த உளச்சிகிச்சை என்பர். பெரும்பாலும் வயதுவந்தோருக்கு அளிக்கப்படும் இச்சிகிச்சையின் வரலாறு விருதுநகர் மாவட்டத்தை இரண்டு இடங்களில் தொடுகிறது. ஒன்று திருச்சுழி. மற்றொன்று சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துப் பட்டாசுப் பகுதி.

உணர்ச்சி உடலில் தோன்றும் என்ற எண்ணம் தமிழுக்குப் பழையது. தொல்காப்பியப் பொருளதிகாரம் உணர்ச்சிகளை எட்டு வகையாக்கி, அவற்றுக்கு மெய்ப்பாடு என்றே பெயரிட்டது. மெய்யில் படுவது மெய்ப்பாடு. பேச்சுவழக்கிலும் அச்சத்துக்கு உடலே இடம். வயிற்றில் புளியைக் கரைக்கிறது, ஈரக்குலை நடுங்குகிறது, நெஞ்சு பதறுகிறது, கைகால் ஓய்ந்துபோகிறது என்றுதான் மக்கள் சொல்கிறார்கள். இப்படிச் சொல்லும் ஒருவரை, மனத்தை எடுத்துச்சொல்லத் தெரியாதவர் என்று கருதுவது தவறு. துயரம் எங்கே இருக்கிறது என்பதை அவர் துல்லியமாகவே சொல்லிவிடுகிறார்.

ஊர்மக்கள் நாடிய பரிகாரமும் உடலைத் தொட்டே நடந்தது. திடுக்கிட்டுப் பயந்த பிள்ளைக்குத் திருநீறு போட்டு வேப்பிலை அடிப்பது, மந்திரித்துக் கயிறு கட்டுவது, பள்ளிவாசலில் ஓதி ஊதிய தண்ணீர் வாங்கிக் குடிப்பது ஆகியவை இன்றும் உண்டு. சாத்தூர் அருகே அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் உள்ள இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் கண்நோய் தீரக் கண்மலர் சாத்துகிறார்கள். வயிற்றுநோய் தீர வயிற்றின்மேல் மாவிளக்கு வைத்து எடுக்கிறார்கள். இவற்றைச் சிகிச்சை என்று அழைக்க முடியாது. ஆனால் நோகும் இடத்தைப் பலர் முன்னால் அடையாளம் காட்டி, உற்றார் துணையுடன் அதற்கென ஒரு செயலைச் செய்து முடிப்பது துன்பப்படுபவருக்குத் தரும் ஆறுதல் சிறிதன்று.

திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமன்தான் பின்னாளில் ரமண மகரிஷி. தந்தை 1892இல் இறந்தபின் மதுரையில் சிற்றப்பா வீட்டில் வளர்ந்தவர், 1896 ஜூலையில், பதினாறு வயதில், உடலில் எந்த நோயும் இல்லாதபோது திடீரென்று மரணபயத்தால் தாக்குண்டார். அவர் யாரையும் கூப்பிடவில்லை, வைத்தியரைத் தேடவும் இல்லை. தரையில் படுத்துக் கைகால்களைப் பிணம்போல் விறைத்து நீட்டி, உதடுகளை இறுக மூடி மூச்சை அடக்கிக்கொண்டு, இறப்பது எது என்று உள்ளே பார்த்தார். அத்துடன் அந்தப் பயம் நீங்கியதாகப் பின்னர் அவரே சொல்லியிருக்கிறார். அச்சத்தை விலக்கப் போராடாமல் அதை உடலிலேயே முழுதாக நிகழவிட்டுக் கவனித்த இந்தச் செயல், இன்றைய உடல்வழிச் சிகிச்சையாளர்கள் கற்பிப்பதற்கு வியப்பூட்டும் அளவு நெருங்கியது. வேறுபாடும் பெரிது. ரமணர் உடலைக் கடந்து ‘நான்’ எங்கே எழுகிறது என்று விசாரிக்கச் சொன்னார். சிகிச்சையாளர் உடலுக்குள் நிம்மதியாகத் தங்கக் கற்றுத்தருகிறார். ரமணரைப் பற்றி ஹைன்ரிச் ஜிம்மர் ஜெர்மன் மொழியில் எழுதிய நூல் 1944இல் வெளிவந்தபோது அதற்கு முன்னுரை எழுதியவர் உளவியல் மேதை கார்ல் யுங்.

ஐரோப்பாவில் இத்துறைக்கு வித்திட்டவர் பிராய்டின் மாணவர்களில் ஒருவரான வில்ஹெல்ம் ரைக் (1897–1957). அடக்கிய உணர்ச்சி தசைகளில் கவசமாக இறுகிவிடுகிறது என்பது 1930களில் அவர் முன்வைத்த கருத்து. அவருடைய பிற்காலக் கோட்பாடுகள் பல அறிவியலால் தள்ளப்பட்டன. தசைக்கவசம் என்ற கருத்து மட்டும் நிலைத்தது. அவரிடம் பயின்ற அலெக்சாண்டர் லோவன் அமெரிக்காவில் அதை வளர்த்தார். யூஜின் ஜென்ட்லின், ரான் கர்ட்ஸ், பேட் ஆக்டன் ஆகியோர் வழியே முறைகள் மென்மையாயின. 1997இல் பீட்டர் லெவின் வெளியிட்ட நூல், பேராபத்தில் ஓடவோ எதிர்க்கவோ முடியாமல் உறைந்த உடல் அந்த வேகத்தை உள்ளேயே தேக்கிவைக்கிறது என்ற விளக்கத்தைப் பரப்பியது.

கவனப் பயிற்சியின் பாதை பர்மா வழியாக வந்தது. தீராத ஒற்றைத்தலைவலியோடு ரங்கூனில் ஊ பா கின் என்ற ஆசிரியரிடம் போன வணிகர் சத்திய நாராயண கோயங்கா, 1969இல் இந்தியாவுக்கு வந்து விபசனா முகாம்களைத் தொடங்கினார். முதல் முகாம் பம்பாயில், அடுத்தது சென்னையில். தலை முதல் கால் வரை ஒவ்வோர் உறுப்பிலும் எழும் உணர்வை வரிசையாகக் கவனிப்பது அதன் அடிப்படை. 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட் ஜின் நாள்பட்ட வலியுள்ளோருக்காக வகுத்த எட்டு வாரப் பயிற்சியிலும் இதேபோன்ற உடலாய்வு உண்டு. மனச்சோர்வு மீண்டும் வராமல் தடுக்கும் சிகிச்சையாக ஜிண்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் மூவரும் அதை மாற்றியமைத்தனர்.

தமிழ்நாட்டில் இதற்கு இணையான, மண்ணிலேயே விளைந்த முயற்சி வேதாத்திரி மகரிஷியின் (1911–2006) மனவளக்கலை. நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அவர் 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவினார். எளிய உடற்பயிற்சி, தவம் ஆகியவற்றோடு அகத்தாய்வு என்ற பகுதியும் அதில் உண்டு: எண்ணங்களை ஆராய்தல், ஆசையைச் சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல். கவலைகளை நோட்டுப்புத்தகத்தில் எழுதி வகைபிரித்துப் பார்க்கும் இந்தப் பழக்கத்தை இன்றைய அறிவாற்றல் சிகிச்சையாளரும் ஒப்புக்கொள்வார். கடைக்காரரும் மில் தொழிலாளியும் குடும்பப் பெண்களும் மனநோயாளி என்ற முத்திரை விழாமல் வந்து கற்க முடிந்தது அதன் பெரிய பலம்.

உளச்சிகிச்சை என்ற பெயரிலேயே இப்பணியைத் தமிழில் செய்துகாட்டியது யாழ்ப்பாணம். போர்க்காலத்தில் அங்கு பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், அதிர்ச்சியுற்றோர் பெரும்பாலும் உடல் நோவுகளோடுதான் வருகிறார்கள் என்பதைக் கண்டு, மூச்சுப் பயிற்சி, சாந்தியாசனம், செபம் ஆகிய மரபுவழித் தளர்வு முறைகளைச் சிகிச்சையில் சேர்த்தார். இந்துவுக்கு மந்திரம், கிறித்தவருக்கு இயேசு செபம், முஸ்லிமுக்கு திக்ர், பௌத்தருக்கு ஆனாபானசதி என அவரவர் சமயத்துக்கு ஏற்ற வடிவம் தரப்பட்டது. அதிர்ச்சிக் காயத்துக்கு அங்கு வழங்கும் சொல் மனவடு. ஆறிய பின்னும் தோலில் தங்கும் வடுவைப்போல என்ற பொருள் அதில் இருப்பதால், தமிழகமும் எடுத்தாளத் தக்க சொல் அது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் உடல்வழிச் சிகிச்சை தமிழ்நாட்டுக் கடற்கரைக் கிராமங்களுக்கு நேராக வந்தது. அமெரிக்காவில் பணிபுரிந்த இந்திய வம்சாவளி உளவியலாளர் ராஜா செல்வம் லெவினின் முறையில் தேர்ந்த குழுவினரோடு வந்தார். அப்பணியை ஆராய்ந்து கேத்தரின் பார்க்கர், ரொனால்டு டாக்டர், ராஜா செல்வம் மூவரும் 2008இல் வெளியிட்ட கட்டுரை, 75 நிமிடச் சிகிச்சை பெற்ற 150 பேரைப் பற்றியது. எட்டு மாதம் கழித்தும் 90 விழுக்காட்டினர் நல்ல முன்னேற்றமோ முழு விடுதலையோ கண்டதாகச் சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, சிகிச்சை பெறாத மற்றொரு குழு இந்த ஆய்வில் இல்லை. எனவே காலத்தின் பங்கு எவ்வளவு, சிகிச்சையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க இயலாது.

பட்டாசுப் பகுதியில் உடலின் கவனம் தொழிலோடு பிறந்தது. 1920களின் தொடக்கத்தில் ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா சென்றனர். அதே நகரில் 1922இல் கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தொடங்கினார். தொழில் உடனே சிவகாசி வந்துசேர்ந்தது. உளச்சிகிச்சை வருவதற்கு வெகுகாலம் ஆயிற்று. பட்டாசு மருந்து அறைக்குள் நுழையும் தொழிலாளி செருப்பைக் கழற்றுகிறார், பருத்தி உடை உடுத்துகிறார், நிலைமின்சாரம் இறங்கச் செம்புத்தகட்டைத் தொடுகிறார். உராய்வு நேராதபடி பாத்திரத்தை இழுக்காமல் தூக்கி வைக்கிறார். இந்த எச்சரிக்கை ஆண்டுக்கணக்கில் தோளிலும் விரலிலும் பழகிவிடுகிறது. வெடிவிபத்தில் பிழைத்தவருக்கு அதுவே அணைக்க முடியாத விளக்காகிறது. கதவு அடித்தாலும் உடல் துள்ளுகிறது. தீபாவளி நெருங்கினால் தூக்கம் போகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டபோது, சத்தம் கேட்டுப் பார்க்கவும் உதவவும் ஓடிவந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம் விபத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இத்தகைய ஊர்களில் மனவடு பட்டவர்கள் தொழிலாளரோடு நிற்பதில்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் கை, கால், கண், செவி இழப்புக்கு விழுக்காடு குறித்த அட்டவணை தந்தது. மனப்பாதிப்புக்கு அந்த அட்டவணையில் ஒரு வரியும் இருக்கவில்லை. இந்தக் குறை நெடுங்காலமாகத் திருத்தப்படாமல் இருந்தது வேதனைக்குரியது.

வெடிவிபத்தில் பிழைத்த இத்தகையவரிடம் சிகிச்சையாளர் முதலில் விபத்தைப் பற்றிக் கேட்பதில்லை. பாதம் தரையில் படுவதை உணரச் சொல்கிறார். அறையைச் சுற்றிப் பார்த்து வாசல் எங்கே, சன்னல் எங்கே என்று கண்ணால் அறியச் செய்கிறார். உடலில் நோவில்லாத ஓர் இடத்தைத் தேடுகிறார்கள். அது உள்ளங்கையாக இருக்கலாம், முதுகு நாற்காலியில் சாயும் இடமாகவும் இருக்கலாம். அங்கே சற்றுத் தங்கியபின் பதற்றம் உள்ள இடத்தை ஒரு கணம் தொட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். ஊசலைப்போல் இப்படிப் போய்வருவதில் நடுக்கம் வந்தால் வரவிடுகிறார்கள். புகையை விழுங்கித் திணறியவருக்கு மூச்சைக் கவனிக்கச் சொல்வதே பழைய திணறலை எழுப்பிவிடலாம். அப்போது வெளியே கேட்கும் ஓசையோ கையிலுள்ள தம்ளரின் குளிர்ச்சியோ கவனப்பொருளாகும். தீக்காயத் தழும்பு இறுகிய தோலில் உணர்வு மரத்தோ மிகுந்தோ இருப்பதால், உடலாய்வில் அந்த இடத்தைக் கடக்க நிதானம் வேண்டும். தொட்டுச் செய்யும் முறைகள் இவ்வூர்ப் பெண்களுக்குப் பொருந்தாதபோது தம் கையைத் தாமே நெஞ்சில் வைத்துக்கொள்ளச் சொன்னால் போதும்.

சான்றுகளின் நிலை ஒன்றுபோல் இல்லை. மனச்சோர்வு மீளாமல் தடுப்பதில் கவனப் பயிற்சிக்கு வலுவான ஆய்வுகள் உள்ளன. பிரிட்டனின் அரசு வழிகாட்டுதல் 2004 முதலே அதைப் பரிந்துரைத்தது. அதிர்ச்சி நோய்க்கு உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தவை அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் கண் அசைவு முறையும். லெவினின் முறைக்கு ஆதாரம் இன்னும் குறைவு. 2017இல் இஸ்ரேலில் 63 பேரிடம் நடந்த கட்டுப்பாட்டு ஆய்வு நம்பிக்கை தருவதாக அமைந்தது. கண்ணை மூடி நெடுநேரம் அமர்வது அதிர்ச்சியுற்றோர் சிலருக்குக் கொடிய நினைவுகளைக் கிளறிவிடும் என்பதும் இப்போது நன்கு அறியப்பட்டது.

விருதுநகர் மாவட்டத்தில் மனநலச் சேவைக்கான வழிகள் இன்று மாவட்ட மனநலத் திட்டம், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி, 14416 என்ற தொலைபேசி ஆலோசனை எண் ஆகியவை. 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் காப்பீட்டில் மனநோயை உடல்நோய்க்கு இணையாக வைக்கிறது. உடல்வழி முறைகளில் தேர்ந்தவர்கள் பெரும்பாலும் சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களிலேயே இருக்கிறார்கள். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். உடல்வழிச் சிகிச்சையாளருக்கெனத் தனிப் பதிவேடு கிடையாது. ஆகவே நாடிச் செல்பவர் அவருடைய அடிப்படைத் தகுதியைக் கேட்டறிந்த பின்னரே சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.