கையைப் பார்க்கும் சட்டம்: பெங்களூருச் சாலைகளில் இயர்போன் அணிந்து ஓட்டுவது பற்றி

பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பில் மாலை ஏழு மணிக்கு நின்று பார்ப்பவர் ஒரே சிக்னலில் மூன்று விதமான காதுகளைக் காணலாம். ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே கைபேசியைச் செருகிக்கொண்டு பேசியபடி நிற்கிறார் ஒரு பைக்காரர். ஒற்றைக் காதில் ஒயர் தொங்க, மேப் சொல்லும் வழியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் ஓர் உணவு டெலிவரி இளைஞர். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரு காதிலும் புளூடூத்தோடு அலுவலக மீட்டிங்கில் இருக்கிறார் ஒரு கார்க்காரர். இவர்களில் சட்டத்தை மீறியவர் யார் என்று கேட்டால், பூ விற்பவர் முதல் டிராபிக் காவலர் வரை மூவரையும் காட்டுவார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு தேடினால் விடை அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை. மூவரின் கைகளும் ஹேண்டில்பாரிலோ ஸ்டீயரிங்கிலோதான் இருக்கின்றன.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, அபாயகரமாக ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. 2019இல் அது திருத்தப்பட்டபோது ஒரு விளக்கம் சேர்ந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. சிவப்பு விளக்கைத் தாண்டுவது, எதிர்த்திசையில் ஓட்டுவது ஆகியவற்றோடு, கையில் பிடித்துப் பயன்படுத்தும் தகவல்தொடர்புக் கருவியை ஓட்டும்போது பயன்படுத்துவதும் அபாயகரமான ஓட்டுதலாகவே கொள்ளப்படும் என்கிறது அந்த விளக்கம். இவற்றில் ஆபத்து இருந்ததா என்று தனியே நிறுவ வேண்டியதில்லை. செயலை நிரூபித்தால் போதும். முதல் முறை அகப்பட்டால் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இயர்போன் என்ற சொல் அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. தண்டனைச் சட்டத்துக்கு அதன் சொற்களின் எல்லைக்குள் நின்றே பொருள் கொள்ள வேண்டும் என்பது நீதிமன்றங்களின் பழைய நெறி. அந்த நெறிப்படி, காதில் செருகியது கையில் பிடித்தது ஆகாது. ஹெல்மெட்டில் செருகிய கைபேசியும் ஆகாது என்று கெட்டிக்கார வக்கீல் ஒருவர் வாதாடலாம். அந்த வாதம் கேலிக்குரியது. ஆனால் சட்டத்தின் வாசகம்தான் அதற்கு இடம் கொடுக்கிறது.

அதே விளக்கத்தின் கடைசிக் கூறு சற்று அகலமானது. திறமையும் கவனமும் உள்ள ஓட்டுநரிடம் எதிர்பார்க்கப்படும் தரத்துக்கு வெகுகீழே இருக்கும் எந்த ஓட்டுமுறையும், அதன் ஆபத்து அப்படிப்பட்ட ஓட்டுநருக்கு வெளிப்படையாகத் தெரியக்கூடியதாக இருந்தால், குற்றமே. இயர்போன் வழக்கு நிற்க வேண்டுமானால் இந்தக் கூறின் மீதுதான் நிற்க முடியும். அப்போது ஓட்டிய விதத்தைப் பற்றிச் சான்று வேண்டும்; 'காதில் இருந்தது' என்பது மட்டும் போதாது. நின்ற இடத்திலேயே ரசீது எழுதித் தரும் அபராத முறைக்கு இது ஒத்துவராத வேலை.

விதிகளுக்குப் போனால் குழப்பம் கூடுகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 21ஆம் விதி, ஓட்டுநர் உரிமத்தைப் பறிக்கத்தக்க செயல்களை அடுக்குகிறது. அதில் வாகனம் ஓட்டும்போது 'கைபேசியைப் பயன்படுத்துதல்' என்று மட்டுமே இருக்கிறது; கையில் பிடிக்கும் நிபந்தனை இல்லை. ஆக, ஒரே அழைப்புக்கு அபராதம் விதிக்க முடியாது, உரிமத்தை நிறுத்தி வைக்க முடியும் என்ற விசித்திர நிலை எழலாம். 2020 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம், கையடக்கக் கருவியை வழிகாட்டலுக்கு மட்டும், ஓட்டுநரின் கவனம் கலையாத வகையில், பயன்படுத்தலாம் என்றது. கைகளுக்கு வேலையில்லாமல் பேசும் வசதிக்குத் தண்டனை ஏதும் விதிக்கப்படவில்லை என்று மக்களவையில் ஒன்றிய அரசே விடையளித்திருக்கிறது. அதற்கு முன்பே, 2018 மே மாதம், கேரள உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, ஓட்டும்போது கைபேசியில் பேசுவதாலேயே கேரளக் காவல் சட்டத்தின் 118(இ) பிரிவில் ஒருவரைக் குற்றவாளி ஆக்கிவிட முடியாது, பொதுமக்களுக்கு அதனால் ஆபத்து நேர்ந்திருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு 2019 திருத்தத்துக்கு முந்தையது, வேறொரு சட்டத்தைப் பற்றியது. இருந்தும் கைபேசி என்றாலே குற்றம் என்ற ஊகத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இவ்வளவு தெளிவின்மை இருக்கும் இடத்தில் வதந்தி செழிக்கும். ஆந்திரத்தில் இயர்போனுக்கு 20,000 ரூபாய் அபராதம் என்று 2023இல் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி பரவியது. அந்த மாநிலப் போக்குவரத்துத் துறையே அதை மறுக்க வேண்டியதாயிற்று.

சட்டம் கையைப் பார்க்கிறது. பொதுமக்கள் காதைப் பார்க்கிறார்கள். 'காதை அடைத்துக்கொண்டு வண்டி ஓட்டலாமா' என்ற கேள்விக்கு எல்லோருக்கும் விடை தெரியும் என்றே தோன்றும். ஆனால் 2011 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றம், தேசியக் காது கேளாதோர் சங்கம் தொடுத்த வழக்கில், காது கேளாதவர் ஓட்டுநர் தேர்வில் தேறினால் அவருக்கும் உரிமம் வழங்க வேண்டும் என்று வழி திறந்தது. ஒன்றிய அமைச்சகமும் பின்னர் மாநிலங்களுக்கு அந்தத் திசையில் அறிவுறுத்தியது. கேட்கும் திறன் ஓட்டுவதற்கு இன்றியமையாதது என்று நம் சட்டமே இனிச் சொல்ல முடியாது. அப்படியிருக்க, கேட்கும் திறன் உள்ளவர் அதைச் சற்று நேரம் மறைத்துக்கொள்வது மட்டும் எப்படித் தன்னளவில் குற்றமாகும்?

இதற்கு ஒரு நல்ல பதில் உண்டு. பிறவியிலோ இளமையிலோ கேளாமை வந்தவர் கண்ணால் காதின் வேலையையும் செய்யப் பழகியவர். கண்ணாடியை அடிக்கடி பார்ப்பது அவருக்கு இயல்பாகிவிட்டது. ஐந்து நிமிடத்துக்கு முன் இயர்போன் செருகியவரிடம் அந்தப் பழக்கம் இல்லை. பின்னால் வருவது கேட்கும் என்ற பழைய நம்பிக்கையோடுதான் அவர் ஓட்டுகிறார். இந்தப் பதிலை ஏற்கிறேன். பெங்களூரில் அதன் பலம் எவ்வளவு என்பதுதான் என் ஐயம்.

ஒலி எச்சரிக்கையாக வேண்டுமானால் அதற்கு ஒரு பொருள் இருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வணிகப் பகுதிக்குப் பகலில் 65 டெசிபல் என்று எல்லை வகுத்தன, கே.ஆர்.மார்க்கெட்டில் ஒரு நிமிடம் நின்றவருக்கு அந்த எல்லையின் கதி தெரியும். இங்கே ஹாரன் 'நகரு' என்கிறது, 'நான் இருக்கிறேன்' என்கிறது, சிக்னல் பச்சையாவதற்கு மூன்று விநாடி முன்பே 'என்ன தூக்கமா' என்கிறது. எல்லாவற்றையும் சொல்லும் ஒலி எதையும் சொல்வதில்லை. 2022இல் டாம்டாம் நிறுவனக் கணக்கின்படி நகர மையத்தில் 10 கிலோமீட்டர் கடக்க 29 நிமிடம் ஆயிற்று. உலகின் மெதுவான நகரங்களில் பெங்களூருக்கு அந்த ஆண்டு இரண்டாம் இடம். அந்த அரை மணி நேரமும் ஹாரன் மழையில் நனைபவர் பாட்டுக்குள் ஒதுங்குவதை ஒழுக்கக் கேடாக என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு விலக்கு உண்டு: ஆம்புலன்ஸ். அவசர ஊர்திக்கு வழிவிடாதவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194இ பிரிவு 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கிறது. நெரிசலில் ஆம்புலன்ஸ் கண்ணில் படும் முன்பே சைரன் காதுக்கு எட்டிவிடும். வெளி ஒலியை அழிக்கும் நாய்ஸ் கேன்சலிங் கருவிகள் இந்தக் கடமையை நேரடியாகவே முறிக்கின்றன. அவற்றைத் தடை செய்வதற்கு வேறு வாதமே தேவையில்லை.

காதின் பக்கம் பேசுவோர் எடுத்துக்காட்டும் மிகக் கொடிய நிகழ்ச்சி 2018 ஏப்ரல் 26 அன்று உத்தரப் பிரதேசத்தின் குஷிநகரில் நடந்தது. ஆளில்லாத ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 13 குழந்தைகள் இறந்தனர். ஓட்டுநர் இயர்போன் அணிந்திருந்தார் என்று முதலமைச்சர் உட்படப் பலர் சொன்னார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே மாநிலத்தின் பதோஹியில் நடந்த விபத்திலும் இதே பேச்சு எழுந்தது. ரயில்வே கேட் என்பது ஒலிக்கு ஒரே பொருள் உள்ள இடம். அங்கே காது உயிர். ஆனால் பிறகு நடந்ததைப் பாருங்கள். அகலப் பாதையில் ஆளில்லாக் கேட்டுகளை 2019 தொடக்கத்தோடு ரயில்வே முடிவுக்குக் கொண்டுவந்தது. இயர்போனைத் தடை செய்து அந்த விபத்துகளை யாரும் நிறுத்தவில்லை, கேட்டையே இல்லாமல் செய்துதான் நிறுத்தினார்கள்.

ஆபத்தின் வேர் எங்கே என்பதற்கு டொரான்டோ ஆய்வாளர்கள் ரெடல்மையரும் திப்ஷிரானியும் 1997இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நல்ல வழிகாட்டி. கைபேசி வைத்திருந்து, மோதலுக்கு உள்ளான 699 ஓட்டுநர்களின் தொலைபேசிக் கட்டண விவரங்களை எடுத்து, மோதிய நேரத்தையும் அவர்கள் மோதாமல் ஓட்டிய மற்றொரு நாளின் அதே நேரத்தையும் ஒப்பிட்டார்கள். பேசும்போது மோதும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. கையில் பிடித்தவருக்கும் பிடிக்காதவருக்கும் நடுவே பாதுகாப்பில் வேறுபாடு எதுவும் தென்படவில்லை. யூட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரேயர் குழுவினர் செய்த சோதனைகள் அதற்குக் காரணம் சொல்லின: பேசுபவரின் கண் சாலையில் உள்ள பொருளின் மேல் படிகிறது, மனம் அதைப் பதிவு செய்வதில்லை. பின்னிருக்கையில் பேசிக்கொண்டு வரும் மனைவி, பஸ் குறுக்கே வந்ததும் தானாகவே வாயை மூடுகிறாள். தொலைபேசியின் மறுமுனையில் இருக்கும் மேலாளருக்குப் பஸ் தெரியாது. அவர் கேள்வியை முடித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்புதான் ஆபத்து. கையும் காதும் அதன் வெளி அடையாளங்கள் மட்டுமே.

இந்த அளவுகோலை வைத்தால் சில்க் போர்டு மூவரின் வரிசையே மாறிவிடுகிறது. சட்டப்படி மிகச் சுத்தமான கார்க்காரரின் கவனம்தான் சாலையை விட்டு மிகவும் விலகியிருக்கிறது. டெலிவரி இளைஞரின் ஒற்றைக் காது, மேப்பைக் குனிந்து பார்க்கும் தேவையைக் குறைக்கிறது. அதைப் பிடுங்கினால் அவர் கண் திரைக்குப் போகும். ஆனால் அவருக்கும் அழைப்பு வருகிறது: எந்த கேட், எத்தனையாவது மாடி, ஏன் இன்னும் வரவில்லை. ஸ்விக்கி 2014இலும் ராபிடோ 2015இலும் தொடங்கிய நகரம் இது. ஓடும் வண்டியில் அழைப்பை ஏற்க வைப்பது அந்த இளைஞரின் ஆசை அன்று, தொழிலின் அமைப்பு. கர்நாடகம் 2025இல் தளம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்கென்று சமூகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. வண்டி நகரும்போது வாடிக்கையாளர் அழைப்பை நிறுத்தி வைக்கும் பொறுப்பைச் செயலியின் மேல் சுமத்த அதுபோன்ற ஒரு சட்டமே சரியான இடம். இளைஞரிடம் ரசீது நீட்டுவதைவிட அது பலன் தரும்.

வெளிநாட்டு மாதிரிகளைக் காட்டுவது நம் கட்டுரைகளின் வழக்கம். பிரான்ஸ் 2015 ஜூலை முதல் காதில் ஒலி எழுப்பும் கருவிகளைச் சைக்கிள் ஓட்டுபவருக்கும் சேர்த்தே தடை செய்தது. செவித்திறன் கருவிக்கு விலக்கு, மீறினால் 135 யூரோ. ஆனால் காரிலேயே பொருத்திய ஸ்பீக்கரில் அங்கே பேசலாம். கலிபோர்னியா ஒரு காதை அனுமதிக்கிறது, இரண்டை மறுக்கிறது. இரண்டும் காதை எண்ணுகின்றன, பேச்சைத் தொடவில்லை. அவற்றை அப்படியே பெயர்த்துக்கொண்டு வருவதில் எனக்கு உடன்பாடில்லை. இருசக்கர வாகனத்திலும், பயணிகளை ஏற்றும் ஆட்டோ, டாக்ஸி, பஸ்ஸிலும் ஓடும்போது உரையாடலை, எந்தக் கருவி வழியாக இருந்தாலும், தடுக்க வேண்டும். வழிகாட்டும் குரலை ஒற்றைக் காதுக்கு விட வேண்டும். பாட்டை, வெளி ஒலியை அழிக்காத அளவுக்கு, கண்டுகொள்ளாமல் விடலாம்.

உரையாடலைக் காவலர் எப்படிக் காண்பார் என்பதே இதற்கு எதிரான வலுவான வாதம். 2022 டிசம்பரில் பெங்களூரின் 50 சந்திப்புகளில் பொருத்திய கேமராக்களுக்கு ஹெல்மெட் இல்லாத தலை தெரியும், கைபேசி பிடித்த கை தெரியும். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் பேச்சு தெரியாது. கேமராவுக்குத் தெரிவதையே சட்டமும் குற்றமாக வைத்திருக்கிறது என்று ஐயுற இடமுண்டு. ஒன்றிய அமைச்சகத்தின் ஆண்டறிக்கைப்படி 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். கைபேசிப் பயன்பாட்டின் கணக்கில் எழுதப்பட்டது அதில் ஏறத்தாழ 2 விழுக்காடு. மோதலில் இயர்போன் எங்கோ தெறித்துவிடுகிறது, சாட்சி சொன்னதுதான் கணக்கு. ஆனால் டொரான்டோ ஆய்வாளர்கள் சாட்சியைத் தேடிப் போகவில்லை, கட்டண விவரத்தைப் படித்தார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின் கீழ் கவனக்குறைவால் நேர்ந்த மரணத்தை விசாரிக்கும் அதிகாரிக்கு, ஓட்டுநரின் அழைப்புப் பதிவை நிறுவனத்திடம் கேட்டுப் பெறும் அதிகாரம் இன்றே உண்டு. பெங்களூரில் நேரும் ஒவ்வொரு மரண விபத்திலும், முதல் தகவல் அறிக்கையின் நேரத்தோடு அந்தப் பதிவையும் ஒப்பிட்டு எழுதும் பழக்கம் வந்தால், கை, காது, பேச்சு ஆகிய மூன்றில் எது கொல்கிறது என்பது ஓராண்டில் தெரிந்துவிடும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.