கண்ணோரச் சுருக்கங்களுக்குச் சிகிச்சை: எதைத் தேர்ந்தெடுப்பது? மார்க்கம் என்ன சொல்கிறது?

அண்மையில் ஜுமுஆ முடிந்ததும் ஒரு சகோதரர் தயக்கத்தோடு நம்மிடம் வந்தார். மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருக்கிறது. கண்ணோரம் விழுந்திருக்கும் கோடுகள் மறைய ஊசி போட்டுக்கொள்ள அவருடைய மனைவி விரும்புகிறாராம். "கூடுமா ஹஜ்ரத்?" என்று கேட்டார். "இது அவங்களுக்கே தோணினதா, யாராவது ஏதும் சொன்னாங்களா?" என்று நாம் திருப்பிக் கேட்டோம். சற்று மௌனமாக இருந்துவிட்டு, "சம்பந்தி வீட்டில் ஒருத்தர், பொண்ணுக்கு இவங்க பாட்டியான்னு கேட்டுட்டாங்க" என்றார்.

இதே கேள்வி இன்று பல குடும்பங்களில் இருக்கிறது. எனவே மருத்துவத் தகவல்களையும் மார்க்க நிலைப்பாட்டையும் சேர்த்தே பார்ப்போம்.

கோடுகள் ஏன் விழுகின்றன?

கண்ணைச் சுற்றியுள்ள தோல் முகத்திலேயே மிக மெல்லியது. சிரிக்கும்போதும் கண்ணைச் சுருக்கும்போதும் அது மடிகிறது. வெயில், புகைப்பழக்கம், கண்ணைக் கசக்கும் வழக்கம், வயது ஆகியவை அந்த மடிப்புகளை நிலைக்கச் செய்கின்றன. பார்வைக் குறை இருந்தும் கண்ணாடி அணியாதவர்கள் நாள் முழுக்கக் கண்ணைச் சுருக்கியே பார்ப்பார்கள். ஆகவே, முதல் செலவு கண் பரிசோதனைக்காக இருக்கட்டும்.

சிரிக்கும்போது மட்டும் தெரியும் கோடு வேறு, முகம் அசையாதபோதும் தெரியும் கோடு வேறு. இரண்டுக்கும் ஒரே சிகிச்சை பொருந்தாது.

என்னென்ன சிகிச்சைகள்?

வெயில் பாதுகாப்பு: எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனும் வெயிலில் நிழற்கண்ணாடியும் புதிய கோடுகளைக் குறைக்கும். தண்ணீர் தோலில் படாமல் தடுக்கும் படலம் உண்டாக்கும் கிரீம் என்றால் உளூவுக்கு முன் கழுவிவிட வேண்டும்.

ரெட்டினாய்டு கிரீம்: மெல்லிய கோடுகளுக்குப் பயன் தரும். பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். கண்ணருகே எரிச்சல் தரக்கூடும் என்பதால் மருத்துவர் சொல்லும் அளவில்தான் பூச வேண்டும். கர்ப்பிணிகள் பயன்படுத்தக் கூடாது.

போடாக்ஸ் ஊசி: ஒருவகை பாக்டீரியாவின் நச்சிலிருந்து தயாராகும் மருந்து. தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தி, சிரிக்கும்போது விழும் கோடுகளைக் குறைக்கும். பலன் சுமார் 3 முதல் 4 மாதங்களே நிற்கும். தலைவலி, கன்றிப்போதல், சிலருக்கு இமை தொங்குதல் ஆகியவை வரலாம். கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும், தசை பலவீன நோய் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும்.

ஃபில்லர் ஊசி: பள்ளத்தை நிரப்பும் மருந்து. அரிதாக இரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டுப் பார்வையே பறிபோகும் ஆபத்து உண்டு. கண்ணருகே இதைச் செய்வதில் பெரும் எச்சரிக்கை தேவை.

லேசர்: நிலைத்துவிட்ட கோடுகளுக்கு உதவும். ஆனால் நம்மைப் போன்ற மாநிறத் தோலில், பின்னர் கருமை படியும் வாய்ப்பு அதிகம்.

மார்க்கத்தின் பார்வை

அழகுக்காக அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவோரைக் கண்டிக்கும் நபிமொழி, இப்னு மஸ்ஊத் (ரலி) வழியாக புகாரியில் வருகிறது. பச்சை குத்துவதும் பற்களை இடைவெளிபட அராவுவதும் அதில் இடம்பெறுகின்றன. மறுபுறம், போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குத் தங்க மூக்கு பொருத்திக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். குறையைச் சீர்செய்வது ஒன்று, படைப்பை மாற்றுவது வேறொன்று என்பதை உலமாக்கள் இதிலிருந்து விளக்குகிறார்கள். நரைமுடியைப் பிடுங்குவதைத் தடுத்த மார்க்கம், அதற்கு மருதாணிச் சாயமிட அனுமதிக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

கிரீம் பூசுவதும் வெயிலிலிருந்து தோலைக் காப்பதும் பராமரிப்பே; அதில் தடையில்லை. விபத்து, தீக்காயம், நோய் ஆகியவற்றால் வந்த மாற்றத்துக்குச் சிகிச்சை பெறுவதும் கூடும். வயதின் கோடுகளை மறைக்க மட்டும் போடும் ஊசியில்தான் கருத்து வேறுபாடு. மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு 2006இல் அழகுக்கான போடாக்ஸைத் தடுத்தது. விலக்கப்பட்ட பொருள் கலந்திருப்பதும் உடல் தீங்கும் அதன் காரணங்களில் அடங்கும். இந்தோனேசிய உலமா சபை 2020இல், மூலப்பொருள் ஹலாலாக இருப்பது, தீங்கில்லாமை முதலான நிபந்தனைகளுடன் அனுமதித்தது. தேவை இல்லாத இடத்தில் இப்படிப்பட்ட சந்தேகத்திலிருந்து விலகிக்கொள்வதே பேணுதலானது என்பது நம் கருத்து.

முடிவெடுக்கும் முன்

• பியூட்டி பார்லரில் ஊசி வேண்டாம். தகுதி பெற்ற தோல் மருத்துவரிடமே செல்லுங்கள். பெண்களுக்குப் பெண் மருத்துவர் கிடைத்தால் அவரையே நாடுங்கள்.
• மருந்தின் பெயர், தயாரிப்பு நிறுவனம், காலாவதித் தேதி, மூலப்பொருள் ஆகியவற்றைக் கேட்டறியுங்கள். கொலாஜன் கலந்த கிரீம் என்றால் அது எந்தப் பிராணியிலிருந்து எடுத்தது என்றும் கேளுங்கள்.
• விசேஷ நாள் நெருங்கிய நேரத்தில் எந்தப் புதிய சிகிச்சையையும் முயலாதீர்கள்.
• கடன் வாங்கிச் செய்யும் அளவுக்கு இது அவசியமில்லை. ஊசியின் பலன் தேய்ந்ததும் அதே செலவு மறுபடியும் வரும்.

அந்தச் சகோதரரிடம் இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, இன்னொன்றும் சொன்னோம். ஒருவரை ஒருவர் பரிகாசம் செய்வதை அல்லாஹ் சூரா ஹுஜுராத்தில் (49:11) தடுத்திருக்கிறான். பாட்டியா என்று கேட்டவர் தெரியாமல் கேட்டிருக்கலாம். ஆனால் அருகில் இருந்த நீங்கள் என்ன சொன்னீர்கள்?

அவர் தலை குனிந்து, "சிரிச்சுட்டேன் ஹஜ்ரத்" என்றார்.

அப்படியானால் மருத்துவரிடம் போவதற்கு முன் முதலில் வீட்டுக்குப் போங்கள் என்றோம். அந்தக் கோடுகளில் பாதி, உங்கள் பிள்ளைகளுக்காக அவர் கண்விழித்த இரவுகளில் விழுந்தவை. அதை அவரிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் சிகிச்சை வேண்டும் என்று அவர் நினைத்தால், இருவரும் சேர்ந்து ஒரு நல்ல மருத்துவரைப் பாருங்கள்.

அல்லாஹ் மிக அறிந்தவன்.